கெஜட்டியரில் கண்ட கடலூர்

ஒரு நாட்டின் நிலம், வரலாறு, மக்கள் வாழ்வு ஆகியவற்றைப் பற்றி யாவரும் அறிந்திருக்க வேண்டியவற்றைப் 'பொது அறிவு' என்று இக்காலத்தில் வழங்குகிறோம். 'பொது' என்பது பழந்தமிழில் அம்பலத்திற்கும் பெயர். தில்லை மன்றைப் 'பொது' என்றே புலவர்கள் பாடினர். எவரும் தடையின்றி வந்து நின்று காணத்தக்க இடம் என்பது அச்சொல்லின் உட்கிடை. பொது அறிவு என்பதும் அவ்வாறே எவரும் வந்து, பார்த்து, வினவி, உண்மை தேர்ந்து கொள்ளத்தக்கதாய் இருத்தல் வேண்டும். அவ்வாறு இருக்கிறதா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். சான்றாக நாம் எடுத்துக்கொள்வது நாம் பிறந்து வளர்ந்த கடலூர், சிதம்பரம் வட்டாரம்.

இதற்கு ஒரு காரணம் நேர்ந்தது. நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர், இப்போது அரசுத் தேர்வுக்குப் படித்து வருபவர், ஒரு நாள் அஸருக்குப் பின் தடித்த வினா-விடை நூல் ஒன்றைக் கொண்டுவந்து, "ஹஜ்ரத், நம்ம ஊரைப் பத்தி இதிலே இருக்கு, பாருங்க" என்று மகிழ்ச்சியோடு விரித்துக் காட்டினார். பார்த்தோம். கடலூர் என்றால் புனித டேவிட் கோட்டை. பரங்கிப்பேட்டை என்றால் 1781ஆம் ஆண்டுப் போர். நெய்வேலி என்றால் பழுப்பு நிலக்கரி. பிச்சாவரம் என்றால் அலையாத்திக் காடு. சிதம்பரம் என்றால் உலகக் காந்தப் புலத்தின் மையம். ஆக ஐந்து வரி. அவற்றுள் நான்கு உண்மை, ஒன்று பொய். ஆனால் ஐந்தும் ஒரே எழுத்தில், ஒரே அளவில், ஒரே உறுதியோடு அச்சாகியிருந்தன. எது உண்மை, எது பொய் என்று அந்த மாணவர் எதைக் கொண்டு அறிவார்?

மத்ரஸாவில் ஹதீஸ் பாடம் நடத்தியே தலை நரைத்தவனுக்கு இவ்விடத்தில் ஒரு பழக்கம் உண்டு. செய்தியைக் கேட்டவுடன், "யார் சொன்னார்? அவருக்கு யார் சொன்னார்?" என்று கேட்பது. இதற்கு இஸ்னாத் என்று பெயர். செய்தி எவ்வளவு அழகாயிருப்பினும், சொன்னவரின் சங்கிலி அறுந்திருந்தால் நம் பெரியோர்கள் அதை ஒதுக்கி வைத்தனர். இந்த ஐந்து வரிகளின் சங்கிலியைப் பின்னோக்கிப் பற்றிச் சென்றால் எங்கே போய் நிற்கும்? வழிகாட்டி நூல் முந்திய வழிகாட்டி நூலைப் பார்த்து எழுதப்படுகிறது. அது பாடநூலைப் பார்த்தது. பாடநூல் அரசு வெளியிட்ட மாவட்ட விவரச்சுவடியைப் பார்த்தது. கெஜட்டியர் எனப்படும் அச்சுவடி நம் தென்னார்க்காட்டு மாவட்டத்திற்கு 1962ஆம் ஆண்டில் பி.எஸ். பாலிகாவின் பெயரில் வந்தது. அதற்கு முன் 1906இல் டபிள்யூ. பிரான்சிஸ் என்னும் ஆங்கில அதிகாரி எழுதியது உண்டு. அதற்கும் முன் 1878இல் கார்ஸ்டின் தொகுத்த 'மேனுவல்'. அதற்கப்பால் போனால் கலெக்டர் கச்சேரியின் வரிக் கணக்குகளும், கும்பினிப் படைத்தலைவர்கள் மேலிடத்திற்கு எழுதிய கடிதங்களுமே. நம் ஊரைப் பற்றி நாம் மனப்பாடம் செய்வனவற்றுள் பெரும்பகுதி, நம் ஊரில் வரி தண்ட வந்தவர்கள் தம் மேலதிகாரிகளுக்கு எழுதிக் கொண்டதேயாகும்.

அவ்வாறு சொல்வதனால் பிரான்சிஸின் நூலை இழித்துரைப்பதாக எவரும் எண்ண வேண்டா. அது உழைப்பின் விளைவு. அதை மறுப்பது நன்றி கொல்லும் செயல். மண் எவ்விடத்தில் கரிசல், எவ்விடத்தில் செம்மண், எந்த ஏரிக்கு எந்த ஆற்றிலிருந்து நீர் வருகிறது, எந்தப் பயிர் எந்தத் துறைமுகத்துக்குச் செல்கிறது என்பவற்றை அவர் நிதானமாக எழுதுவார். எடுத்துக்காட்டாக, தென்னார்க்காட்டை அக்காலத்தில் ஊரறியச் செய்தது நிலக்கடலை. இங்கு விளைந்த கடலை புதுச்சேரி வழியே பிரான்சு நாட்டு மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலேறியது. நம் பக்கத்துக் குடியானவர் அதை நிலக்கடலை என்று சொல்வதில்லை. மணிலாக்கொட்டை என்பார், நாக்கு வழுக்கி மல்லாட்டை என்பார். பிலிப்பைன் தீவின் தலைநகர் நம் கொல்லைப் பயிரின் பெயரில் குடியிருக்கிறது. பண்ணுருட்டி முந்திரியும் அவ்வாறே போர்த்துக்கேசியரோடு கடல் கடந்து வந்த மரம். ஏற்றுமதிக் கணக்கு கெஜட்டியரில் கிடைக்கும். குடியானவர் வாயில் உலகம் எவ்வாறு நுழைந்தது என்பது கிடைக்காது. கணக்கு எழுத வந்தவரிடம் சொல்லாராய்ச்சி எதிர்பார்ப்பது முறையன்று என்பீர்கள், சரிதான். ஆனால் அந்தக் கணக்கையே 'நாடு' என்று நாம் ஏற்றுக்கொண்டோமே, அதுதான் வழக்கு.

அந்நூலின் அமைப்பைப் பார்த்தாலே கருத்து விளங்கும். நிலவியல்பு, அரசியல் வரலாறு, மக்கள், வேளாண்மை, காடு, தொழிலும் வாணிகமும், போக்குவரத்து, மழை, சுகாதாரம், கல்வி, நிலவரி, உப்பும் சாராயமும், நீதி என்று அதிகாரங்கள் செல்லும். உப்புக்கும் சாராயத்துக்கும் தனி அதிகாரம் உண்டு, புலவருக்கு இல்லை. வரி வரும் பொருளுக்கு அதிகாரம், வராத பொருளுக்கு ஓரிரு வரி. இந்தச் சட்டகத்தை 1906இல் போட்டவர்களுக்கு அது இயல்பு. விடுதலைக்குப் பின்னும், 1993 செப்டம்பர் 30இல் தென்னார்க்காடு பிரிந்து கடலூர் தனி மாவட்டமான பின்னும், நம் பிள்ளைகளின் வினா-விடை நூல் வரை அந்தச் சட்டகம் பெரிதும் மாறாமல் நிற்பதுதான் வியப்பு.

கடலூரின் கதையிலேயே இதற்குப் பொருத்தமான நிகழ்ச்சி ஒன்று உண்டு. பெண்ணையும் கெடிலமும் பரவனாறும் உப்பனாறும் கூடும் கூடலூர்தான் ஆங்கிலேயர் நாவில் திரிந்து, திரிந்த பெயரையே தமிழாக்கிக் கடலூர் என்று நாமும் கொண்டோம் என்பர். 1690ஆம் ஆண்டில், சென்னையில் எலிகு யேல் கவர்னராயிருந்த காலத்தில், செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் கும்பினியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கினர். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதற்கு அவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு: கோட்டையிலிருந்து பீரங்கி சுட, குண்டு எவ்வளவு தூரம் சென்று விழுகிறதோ அவ்வளவு தூரமும் கும்பினிக்கு உரியது. நெடுந்தூரம் சுடும் பீரங்கி ஒன்றை வரவழைத்து நாலாபுறமும் சுட்டனர். குண்டு விழுந்த எல்லைக்குள் அகப்பட்ட ஊர்கள் 'குண்டு கிராமங்கள்' ஆயின. குண்டு உப்பலவாடி என்னும் ஊர்ப்பெயரும் குண்டு சாலை என்னும் தெருப்பெயரும் இன்றளவும் கடலூரில் உள்ளன. நிலத்தைச் சங்கிலி கொண்டு அளந்தவர் உண்டு, கோல் கொண்டு அளந்தவர் உண்டு. பீரங்கி கொண்டு அளந்தது இங்கேதான்.

இந்தக் கோட்டைதான் 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபோது ஆங்கிலேயரின் தலைமையிடமாயிற்று. 1756இல் கிளைவு இங்கே கவர்னராய் வந்தான். 1758இல் லாலி இதைப் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கினான். இவை யாவும் எல்லா நூல்களிலும் உள்ளன, ஆகவே விரிக்கவில்லை. நாம் சொல்ல விரும்புவது இது: அந்தக் குண்டின் எல்லை போலவே கெஜட்டியரின் எல்லையும் அமைந்துவிட்டது. அரசாங்கத்தின் கவலை எவ்வளவு தூரம் பாய்ந்ததோ அவ்வளவு தூரமே நாடு. அதற்கு அப்பால் விழுந்தவை நூலுக்குள் வரவில்லை.

பரங்கிப்பேட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வூருக்கு மூன்று பெயர். போர்த்துக்கேசியர் புதுத் துறைமுகம் என்னும் பொருளில் போர்ட்டோ நோவோ என்றனர். முஸ்லிம்கள் மஹ்மூது பந்தர் என்றனர். பந்தர் என்பது பாரசீகத்தில் துறைமுகம். தமிழர் பரங்கிப்பேட்டை என்றனர். அந்தப் 'பரங்கி'யும் அரபியில் 'இஃப்ரஞ்சு' என்று தொடங்கிப் பாரசீகத்தில் 'ஃபிரங்கி'யாகி நம்மிடம் வந்து சேர்ந்த சொல்லே. எங்கோ பிராங்கு இனத்தாரைச் சிலுவைப் போர்க்காலத்து அரபியர் அழைத்த பெயர், வெள்ளாற்றங்கரை ஊருக்கும் நம் அடுப்பில் வேகும் பரங்கிக்காய்க்கும் வந்து பொருந்தியது. மூன்று பெயரும் மூன்று கப்பல்கள் போல் அத்துறையில் நங்கூரமிட்டு நிற்கின்றன.

இவ்வூரைப் பற்றிக் கெஜட்டியர் வழியில் நாம் அறிவன இரண்டு. ஒன்று போர். 1781 ஜூன் மாதத்தில் ஐர் கூட் என்னும் ஆங்கிலத் தளபதி சிதம்பரத்தைத் தாக்கினான். கோயிலின் உயர்ந்த மதில்களையே அரணாகக் கொண்டு ஹைதர் அலியின் படையினர் அங்கே இருந்தனர். கூட் தோற்றுப் பின்வாங்கினான். பிறகு ஜூலை 1ஆம் நாள் பரங்கிப்பேட்டை அருகே நடந்த போரில் ஹைதரை வென்றான். வழிகாட்டி நூல் இரண்டாம் நிகழ்ச்சிக்கு ஆண்டு கேட்கும். முதலாம் நிகழ்ச்சியைக் கேட்பதில்லை. வென்றவன் எழுதிய கடிதத்தில் வெற்றிக்குத் தலைப்பும் தோல்விக்கு அடிக்குறிப்பும் கிடைப்பது உலக வழக்கம். ஹைதரின் படை எத்தனை மடங்கு பெரிது என்ற எண்ணிக்கையும் அதே பேனாவிலிருந்து வந்ததே.

மற்றொன்று இரும்பு. ஹீத் என்னும் ஆங்கிலேயர் கும்பினி உத்தியோகத்தை விட்டு, 1830ஐ ஒட்டிப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவினார். சேலத்து மலையிலிருந்து கனிமம் பரிசல்களில் ஆற்றோடு இறங்கி வரும். உருக்குவதற்குக் காட்டு மரத்தைக் கரியாக்கினர். இங்கு உருக்கிய இரும்பு இங்கிலாந்து சென்று, மெனாய் கால்வாயின் மீது கட்டிய பெரும் பாலத்திலும் இடம்பெற்றது என்பர். மரம் அருகி, கரி விலையேறி, கடன் பெருகி, அந்நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே ஆலை அணைந்தது. இந்தப் பகுதியைக் கெஜட்டியரில் படிக்கும்போது, உள்ளபடியே, நமக்கு மகிழ்ச்சியே உண்டாகிறது. வேறெங்கும் கிடைக்காத செய்தி அது.

ஆனால் அதே ஊரில், அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக முன்னர், வேறொரு பொருள் உருகி வார்க்கப்பட்டது. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவருக்குக் கீழக்கரை வள்ளல் சீதக்காதி ஆதரவு நல்கினார். அவர் மறைந்தபின் அப்பெருங்காப்பியம் நின்றுபோகாமல் தாங்கியவர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர். விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்றத்துக் காண்டம் என்று 5027 விருத்தங்கள். தமிழில் இஸ்லாமியர் செய்த காப்பியங்களில் தலையாயது. இதற்குச் சங்கிலி எங்கே என்று நம்மைக் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். புலவரே தம் காப்பியத்தினுள் பல இடங்களில் அவ்வள்ளலைப் பெயர் சொல்லி வாழ்த்தியிருக்கிறார். உதவி பெற்றவர் தம் வாயால், தம் காலத்தில், தம் நூலில் சொன்ன சாட்சியைவிட வலிய சாட்சி எது? ஆயினும் நம் மாணவரின் வினா-விடை நூலில் பரங்கிப்பேட்டைக்கு நேரே பீரங்கி இருந்தது, மரைக்காயர் இல்லை. நம் மத்ரஸாப் பிள்ளைகள் சிலரைக் கேட்டுப் பார்த்தோம். அவர்களுக்கும் தெரியவில்லை. அப்போது குற்றத்தை வெள்ளைக்காரர் தலையில் மட்டும் சுமத்துவது எங்ஙனம்?

இன்னொன்றும் இங்கே எண்ணத்தக்கது. கெஜட்டியர் வருவதற்கு முன் தமிழரிடத்தில் நாட்டைச் சொல்லும் நூல்வகையே இல்லை என்று நினைப்பது தவறு. காப்பியந்தோறும் நாட்டுப் படலம், நகரப் படலம் என்று முன்னே நிற்பவை என்ன? மழை பொழிந்து, வெள்ளம் பெருகி, வயல் விளைந்து, வணிகர் வந்து, மாடங்கள் உயரும். உமறுப்புலவரும் அந்த முறையைக் கைவிடவில்லை. பாலைவன அரபு நாட்டிலே தமிழ்நாட்டு மழையைப் பெய்வித்து, வெள்ளத்தை ஓடவிட்டு, நெல்லை விளைவித்துவிட்டார். மக்காவுக்குச் சென்று வந்த எவரும் இதைப் படித்துப் புன்முறுவல் செய்வர். புவியியல் தேர்வில் புலவர் தேறமாட்டார். ஆனால் தம் மக்களுக்கு அந்நிய நாடு ஒன்றைத் தம் நாடாக்கிக் காட்ட விரும்பிய அன்பு அதில் உண்டு. அது கணக்கில் வராதது. இருப்பதை அளந்து எழுதிய நூலில் அன்பு இல்லை. அன்பால் எழுதிய நூலில் அளவு இல்லை. நாட்டை அறிய விரும்புவோனுக்கு இரண்டும் வேண்டியிருக்கின்றன.

இவ்விரண்டையும் சேர்த்துச் செய்ய முயன்றவர்கள் அரபு அறிஞர்களுள் இருந்தனர். ஹிந்து தேசத்தைப் பற்றி 1030ஐ ஒட்டி எழுதிய அல்பீரூனியை அறிந்தோர் அறிவர். கஜ்னவி மஹ்மூதின் வாள் பாய்ந்த நாட்டில், அவர் வடமொழி கற்கச் சென்றார். பண்டிதர்களிடம் மாணவர் போல் அமர்ந்தார். பதஞ்சலியின் யோக நூலை அரபியில் பெயர்த்தார். நூலின் தொடக்கத்தில் நாட்டைப் பற்றி அவர் பேசவில்லை. கண்ணால் கண்டதற்கும் காதால் கேட்டதற்கும் உள்ள வேறுபாட்டைப் பேசுகிறார். செய்தி சொல்பவன் எந்தெந்தக் காரணத்தால் பொய் சொல்வான் என்று வகை பிரிக்கிறார். தன்னலத்தால் ஒருவன், விருப்பால் ஒருவன், வெறுப்பால் ஒருவன், அறியாமையால் ஒருவன். இத்தகைய முகவுரையோடு தொடங்கிய கெஜட்டியரை நாம் கண்டதில்லை. ஆனால் அல்பீரூனியும் தென்னாட்டுக்கு வந்தவரல்லர். இப்பகுதியைப் பற்றி அவர் சொல்வன கேள்விச் செய்திகளே. அவருடைய அளவுகோலாலேயே அவற்றை நிறுக்க வேண்டும்.

நம் கரையை அரபியர் 'மஅபர்' என்றனர். கடக்கும் துறை என்பது பொருள். 14ஆம் நூற்றாண்டில் இலங்கையிலிருந்து கடந்து, கப்பல் சிதைந்து, இக்கரையில் இறங்கியவர் இப்னு பதூதா. மதுரையிலிருந்து ஆண்ட சுல்தான் கியாதுத்தீன் அவருக்குத் திருமண வழியில் உறவினர். விருந்தினராய் இருந்தும், அந்தச் சுல்தான் சிறைப்பட்ட இந்துக்களையும் அவர்தம் பெண்டு பிள்ளைகளையும் கொன்ற கொடுமையை அவர் மறைக்கவில்லை; அருவருப்போடு கண்டித்து எழுதச் செய்தார். உறவு, உப்பு, மதம் மூன்றும் ஒருபுறம் இழுக்க, கண்டதைக் கண்டபடி சொன்ன அந்த ஓரிடத்துக்காகவே அவரைப் போற்றலாம். அவர் குறையும் சொல்ல வேண்டும்: பல்லாண்டு கழிந்தபின், ஊர் திரும்பி, நினைவிலிருந்து இப்னு ஜுஸைக்குச் சொல்லி எழுதுவித்த நூல் அது. சில இடங்களில் முந்திய பயணியரின் வருணனைகள் கலந்துள்ளமையை ஆராய்ந்தோர் காட்டியுள்ளனர்.

இனி அந்தச் சங்கிலியைச் சோதிக்கும் வேலைக்கு வருவோம். மூன்று செய்திகளை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது ஆங்கிலேயர் தந்தது. 1783இல் கடலூர் முற்றுகையின்போது காயமுற்றுச் சிறைப்பட்ட பிரெஞ்சுச் சார்ஜண்டு ஒருவரே, பின்னாளில் 1818இல் சுவீடன் நாட்டு அரசராக முடிசூடிய பெர்னாடோட்டு என்பது கதை. கேட்க இனிக்கிறது, கடலூரின் மணலில் ஓர் அரசன் கிடந்தான் என்றால் எந்த ஊர்க்காரனுக்குத்தான் பெருமை இராது? இதைச் சொன்னவர் அம்முற்றுகையில் இருந்த அனோவர் நாட்டு அதிகாரி ஒருவர். அதை நூலில் ஏற்றியவர் மைசூர் வரலாறு எழுதிய வில்க்சு. அதாவது ஒரே ஒருவர் சொன்ன செய்தி. ஹதீஸ் கலையில் கபருல் வாஹித் என்போம். அதுவும் நிகழ்ச்சிக்கு நெடுங்காலம் பின்னர் சொன்னது. பிற்கால ஆராய்ச்சியாளர் பெர்னாடோட்டின் படைப்பதிவுகளைப் பார்த்து, அவர் இந்தியாவுக்கு வந்தவரே அல்லர் என்று முடிவு கண்டனர். அரசர் போனார்; காயமுற்ற ஒரு சார்ஜண்டு மட்டும் எஞ்சினார்.

இரண்டாவது சிதம்பரம் காந்த மையம் என்பது. இதற்குச் சங்கிலியே இல்லை. எவர் அளந்தார், எந்தக் கருவியால், எந்த ஆண்டில் என்று எங்கும் இல்லை. காந்த நடுக்கோடு என்பது உலகைச் சுற்றி ஓடும் ஒரு கோடு. கோட்டுக்கு மையம் ஏது? அதுவும் ஓரிடத்தில் நில்லாமல் ஆண்டுக்கு ஆண்டு சிறிது நகர்வது. இந்தியாவின் தென்கோடியை ஒட்டி அது செல்வதனால்தான் 1963இல் திருவனந்தபுரத்துக்கு அருகே தும்பாவில் விண்கலம் ஏவும் நிலையம் அமைத்தனர். தில்லைக்கு இப்படிப்பட்ட பொய்ப் பெருமை தேவையே இல்லை. கோபுர வாயில்களில் 108 கரணங்களையும் கல்லில் செதுக்கி, அவற்றின் இலக்கணத்தையும் அருகே எழுதி வைத்த ஊர் அது. பிச்சாவரத்து உப்பங்கழியில் இன்றும் வளரும் தில்லை மரத்தின் பெயரையே தாங்கிய ஊர். அம்மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வை கெடும் என்று படகோட்டிகள் எச்சரிப்பர். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கடலூர் மாவட்டக் கரை நூற்றுக்கணக்கில் உயிரிழந்தபோது, அந்தக் காடு தன் பின்னிருந்த சில குப்பங்களுக்கு வேலியாய் நின்றது. இவை மெய். காந்தக் கதையைக் காட்டிலும் இவற்றில் வியக்க ஏராளம் உண்டு.

பிறர் வீட்டுப் பொய்யைச் சொல்வது எளிது. இவ்வளவு எழுதிய பின் நம் வீட்டுக்குள் வராமல் பேனாவை வைத்தால், அல்பீரூனி சொன்ன பட்டியலில் நாமும் ஒரு வகையாவோம்.

பரங்கிப்பேட்டையில் உக்காஷா (ரலி) அவர்களின் தர்கா உண்டு. ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்களின் தோழர் உக்காஷா இப்னு மிஹ்ஸன் அவர்களே அங்கு அடங்கியுள்ளார்கள் என்பது வழிவழி வந்த நம்பிக்கை. சிறு வயதில் எம் அன்னையார் கைப்பிடித்து அழைத்துச் சென்றதும், கையில் வைத்த சர்க்கரையின் இனிப்பும் இன்னும் நினைவில் உள்ளன. பின்னர் ஓதத் தொடங்கினோம். கேள்வி கணக்கின்றி 70,000 பேர் சுவர்க்கம் புகுவர் என்று நபியவர்கள் நவின்றபோது, தம்மையும் அவர்களில் சேர்க்க துஆச் செய்யுமாறு முந்தி எழுந்து வேண்டியவர் இந்த உக்காஷாதாம். அடுத்தவர் எழுந்தபோது உக்காஷா முந்திக்கொண்டார் என்று அருளிய மொழி அரபியில் பழமொழியே ஆகிவிட்டது. பத்ருப் போரில் வாள் முறிந்து, நபியவர்கள் கொடுத்த கட்டையே வாளாயிற்று என்று சீறா நூல்கள் கூறும். அப்பெரியார் எங்கே மறைந்தார்கள்? இப்னு ஸஅது, இப்னு அப்தில் பர், இப்னு ஹஜர் ஆகியோர் வேறுபாடின்றிச் சொல்கிறார்கள்: அபூபக்ர் (ரலி) அவர்களின் கிலாபத்தில், ரித்தத்துப் போர்களின்போது, நஜ்து நாட்டுப் புஸாகாவில், ஒற்றறியச் சென்றவிடத்தில் துலைஹாவின் கையால் ஷஹீதானார்கள். ஹிஜ்ரி 11 அல்லது 12.

ஒரு முறை புகாரி ஷரீஃப் பாடத்தில் அந்த ஹதீஸ் வந்தபோது ஒரு பிள்ளை தலை தூக்கி, "உஸ்தாது, இவங்க பரங்கிப்பேட்டையிலதானே அடங்கியிருக்காங்க?" என்று கேட்டான். "பாடத்தைப் பார்" என்று சொல்லி அடுத்த வரிக்குப் போனோம். அவ்வாறு அடுத்த வரிக்குப் போனது ஒரு முறையன்று. ஏறத்தாழ இருபது ஆண்டுகள். பெர்னாடோட்டைப் பற்றி ஐயுற ஒரு நொடி ஆகவில்லை. இதற்கு இருபது ஆண்டு ஆயிற்று. அன்று சங்கடப்பட்டது அறிவு அன்று. சர்க்கரை தின்ற கை.

அண்மையில் ஒரு சிறு கூட்டத்தில் இதைச் சொன்னோம். பெரியவர் ஒருவர் எழுந்தார். "ஹஜ்ரத், நீங்க சொல்றது கிதாபுலே இருக்கலாம். எங்க வாப்பாவுக்கு வாப்பா சொன்னது பொய்யா?" என்றார். அவர் குரலில் கோபத்தைவிட வருத்தமே மிகுந்திருந்தது. ஹதீஸ் கலையின் நுட்பம் இவ்விடத்தில்தான் உதவுகிறது. அறிவிப்பாளர் உண்மையாளர் என்பது வேறு. அவர் அறிவித்த செய்தி சரியானது என்பது வேறு. அவருடைய பாட்டனார் கேட்டதைக் கேட்டவாறு சொன்ன நல்லவர். அவரைப் பொய்யர் என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் அவருக்கு முன்னே சங்கிலி அறுந்திருக்கிறது. அங்கே அடங்கியிருப்பவர் அதே பெயருடைய பிற்கால நல்லடியார் ஒருவராய் இருக்கலாம். கடல் வழி வந்த அரபு வணிகராய் இருக்கலாம். அவர் யார் என்று தேடாமல், பெரிய பெயர் ஒன்றைப் போர்த்தி அவரை மறைத்துவிட்டோம் என்று அப்பெரியவரிடம் சொன்னோம். அவர் ஒப்பவில்லை. ஆனால் அடுத்த ஜும்ஆவில் நமக்கு ஸலாம் சொல்லாமல் போகவும் இல்லை.

கேட்டது ஒன்றாகவும் கண்டது ஒன்றாகவும் இருக்கும் இந்த வட்டாரத்தில், கண்ட செய்தி ஒன்றையும் சொல்லி முடிப்போம். மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் சிதம்பரத்துக்குக் கிழக்கே கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருகிறார். வழியில் ஸையிது ஷா ரஹ்மத்துல்லாஹ் தர்காவின் முன்னே பல்லக்கு நிற்கிறது. தர்காவினர் வரவேற்று மரியாதை செய்கின்றனர். கோயிலார் தர்காவுக்கு மரியாதை செய்கின்றனர். பன்றி அவதாரத் தெய்வம், பன்றியை விலக்கிய சமூகம். இரண்டும் ஒரு தெருவில் ஆண்டுதோறும் முகம் பார்த்துக் கொள்கின்றன. இதில் மார்க்கச் சட்டம் என்ன சொல்கிறது என்பது வேறு பாடம். அதை உலமாக்கள் பேசுவர். நாட்டு வாழ்வு என்னும் தலைப்பில் ஒரு நூல் எழுதினால் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கத்தான் வேண்டும். நம் மாணவரின் நூலில் இதுவும் இல்லை. வீராணம் ஏரி இருந்தது. 2004 முதல் சென்னைக்குக் குடிநீர் தருவது என்று இருந்தது. அதன் கரையில் உள்ள லால்பேட்டையில் 1862 முதல் மன்பவுல் அன்வார் மத்ரஸா நடந்து வருவது இல்லை.

அந்நூலைத் திருப்பிக் கொடுக்கும் முன் காந்த வரியைப் பென்சிலால் அடித்தோம். பரங்கிப்பேட்டைக்கு நேரே அபுல் காசிம் மரைக்காயர் பெயரை எழுதினோம். "இது பரீட்சையிலே வராதே, ஹஜ்ரத்" என்றார் மாணவர். வராது என்று ஒப்புக்கொண்டோம்.

கடலூர் முதுநகர், பரங்கிப்பேட்டை, புவனகிரி, நெல்லிக்குப்பம், லால்பேட்டை ஆகிய ஊர்களில் பழைய வீடுகளின் பரணில் அரபுத்தமிழ் ஏடுகளும், பினாங்கு, அச்சை வாணிகத்துக் கணக்குப் புத்தகங்களும் இன்னும் சில கிடக்கக்கூடும். அத்தகையது எவரிடமேனும் இருப்பின், பழைய காகிதக் கடைக்குப் போடுமுன் முதல் பக்கத்தைப் பார்க்க வேண்டுகிறோம். எழுதியவர் பெயரும் ஹிஜ்ரி ஆண்டும் அதில் இல்லையானால், அது யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதைத் தமக்குத் தெரிந்த மட்டில் ஓரத்தில் குறித்து, கீழே தம் பெயரையும் எழுதி வைக்கவும்.